லாலலா பாட்டுக்கு ஒரு வக்காலத்து (சும்மா ஜாலிக்கு இல்லை)

வாடைக்காத்து | தங்கச்சிமடம்

இந்தப் பகுதியில் யாராவது டி.ராஜேந்தர் பாட்டையோ எஸ்.ஏ.ராஜ்குமாரின் லாலலா கோரஸ் பாட்டையோ போட்டால் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மை விழுகிறது. போட்டவரும் பதறிப்போய், "சும்மா ஜாலிக்குப் போட்டேன் பங்கு" என்று ஒதுங்கிக்கொள்கிறார். அந்த 'சும்மா ஜாலி'தான் எனக்கு ஒத்துவரவில்லை. எனக்கு அந்தப் பாட்டுகள் பிடிக்கும். பாட்டாகவே பிடிக்கும். கேட்டால் இன்றைக்கும் தொண்டை அடைக்கும்.

எந்தப் பாட்டு, அதில் எந்த இடம் என்று சொன்னால்தான் பேச்சு நகரும். நானே தொடங்குகிறேன்.

1980-இல் வந்த 'ஒரு தலை ராகம்' படத்தில் எஸ்.பி.பி. பாடிய 'வாசமில்லா மலரிது'. பல்லவியில் வாசமில்லாத மலர் வசந்தத்தைத் தேடுகிறது. அடுத்து, வைகை இல்லாத மதுரை மீனாட்சியைத் தேடுகிறது. கணக்குப் போட்டால் உதைக்கும். வைகை இல்லை என்றால் வைகையைத்தானே தேட வேண்டும், மீனாட்சி கோயிலுக்குள்ளேதானே இருக்கிறாள் என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஆனால் நம் மாவட்டத்துக்காரன் எவனும் 'வைகை இல்லா' என்ற இடத்தில் சிரிக்க மாட்டான். அந்த ஆறு கடலுக்கு வருவதற்கு முன்னாலேயே இராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்கிவிடுகிறது. நல்ல வெள்ளம் வந்த வருடம்தான் மிச்சத் தண்ணீர் ஆற்றங்கரைப் பக்கம் கடலைப் பார்க்கும். மதுரைக்காரருக்கு அந்த வரி கற்பனை, நமக்கு நடப்பு.

அந்த வரியைப் பாடும்போது எஸ்.பி.பி. குரலில் எங்கேயாவது ஒரு நமட்டுச் சிரிப்பு ஒளிந்திருக்கிறதா என்று தேடித் தேடிக் கேட்டிருக்கிறேன். கிடையாது. எழுதியதை முழுசாக நம்பிப் பாடுகிறார். எனக்கு வேண்டியது அந்த நம்பிக்கைதான்.

உங்கள் பாட்டைச் சொல்லுங்கள். கிண்டலுக்கு வேறு இழைகள் இருக்கின்றன.

எட்டுக்கட்டை | சென்னை (சொந்த ஊர் மண்டபம்)

பிடிக்கட்டும் அண்ணே, யார் வேண்டாம் என்றது? ஆனால் பிடிப்பது ஒரு கணக்கு, தரம் வேறு கணக்கு. எனக்குப் பாக்கெட் பிரியாணி மசாலா கூடப் பிடிக்கும்.

விக்ரமன் படம், ராஜ்குமார் இசை என்றால் பாட்டு தொடங்குவதற்கு முன்பே என்ன வரும் என்று தெரியும். வயலின் கூட்டம், புல்லாங்குழல், பெண்கள் கோரஸ், லாலலா. 1990-இல் 'புது வசந்தம்' தொடங்கி 2000-இல் 'வானத்தைப் போல' வரைக்கும் அதே அடுப்பு, அதே குழம்பு. கேட்பவன் தானாக அழுவதற்கு இடமே கொடுக்காமல் கழுத்தைப் பிடித்து அழ வைக்கிற இசை அது. இளையராஜா 1986-இல் 'ஹவ் டு நேம் இட்' என்று ஒரு தொகுப்பு போட்டார். அதிலும் வயலின்கள்தான், அதிலும் சோகம்தான். ஆனால் எந்த இடத்தில் மனசு கலங்கியது என்று நீங்களே பிறகு யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். மரியாதை என்றால் அது.

கருவாடு2003 | இராமேஸ்வரம்

எட்டுக்கட்டை அண்ணே, உங்க சோகத்துக்குக் கூட டியூஷன் போகணும் போல.

முண்டுமிளகாய் | முதுகுளத்தூர் பக்கம்

வாடைக்காத்து சொல்கிற மாதிரியே எனக்கும் இந்தப் பாட்டுகள் பிடிக்கும். ஆனால் ஒரு விஷயத்தைப் பேசாமல் தலையாட்ட முடியாது.

காதல் தோல்விப் பாட்டு என்றால் அழுவது எப்போதும் ஆண்தான். தாடி வைப்பான், சால்வை போர்த்துவான், இருமுவான், ரயிலில் போவான். அவளுக்கு என்ன நடந்தது? அவள் ஏன் பேசவில்லை? வீட்டில் யார் என்ன சொன்னார்கள்? ஒரு சரணம்கூட அவளுக்கு ஒதுக்க மாட்டார்கள். பேசாமல் இருந்ததே அவள் செய்த குற்றம் ஆகிவிடும். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும் தனியார் பேருந்தில் 2004-இல் வந்த 'நினைத்து நினைத்து' பாட்டைப் போடுவார்கள். கே.கே. பாடியதுதான் ஓடும். அதே மெட்டில் ஸ்ரேயா கோஷல் பாடியதும் அந்தப் படத்தில் இருக்கிறது, டிரைவர் தம்பி அதைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். ஒரு நாள் கேட்டேன், ஏன் தம்பி அதையும் விட வேண்டியதுதானே என்று. "அது லேடீஸ் பாட்டு மேடம்" என்றார். பேருந்தில் பாதிக்கு மேல் பெண்கள், மிளகாய்க் காட்டுக்குப் போகிறவர்களும் நானும்.

ஆண் அழுதால் கேசட்டாக வருகிறது. பெண் அழுதால் ஒப்பாரி என்று இழவு வீட்டுத் திண்ணையோடு நிறுத்திவிடுகிறோம். மிகை என்று கேலி செய்பவர்கள் இதையும் சேர்த்துப் பேசினால் நன்றாக இருக்கும்.

அப்புறம் எட்டுக்கட்டை அவர்களுக்கு ஒன்று. 1997-இல் வந்த 'சூர்யவம்சம்' படத்தில் ஒரே பாட்டில் பணக்காரர் ஆகிறார்கள் என்று நீங்கள் எல்லோரும் சிரித்துவிட்டீர்கள். 'நட்சத்திர ஜன்னலில்'. சரி, சிரியுங்கள். அந்தப் படத்தில் கல்யாணம் ஆன பெண் புருஷன் துணையோடு படித்துக் கலெக்டர் ஆகிறாள். எங்கள் பக்கம் பத்தாவதோடு பெண்ணை நிறுத்தி மாப்பிள்ளை பார்த்த காலம் அது. டிவியில் அந்தப் பாட்டு வரும்போது சின்னம்மா மகள்கள் எல்லாம் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு அது காமெடி இல்லை.

சவுண்ட்செட் | சாயல்குடி

இசை பற்றி எனக்குப் பெரிதாகத் தெரியாது. சத்தம் பற்றித் தெரியும். அப்பா காலத்திலிருந்து ரேடியோ செட் தொழில். அதனால் ஒரு விஷயம் சொல்கிறேன், நேரம் இருந்தால் படியுங்கள்.

அந்தக் காலத்துக் கூம்புக் குழாயில் அடிச்சத்தம் வராது. தபேலாவில் 'தும்' என்று அடித்தால் குழாயில் 'டக்' என்று மட்டும் விழும். பேஸ் கிட்டார் இருந்ததற்கே அடையாளம் இருக்காது. அதில் கணீரென்று வருவது மனுசக் குரல், வயலின், புல்லாங்குழல், ஷெனாய். மெதுவாகக் குசுகுசு என்று பாடிய பாட்டைப் போட்டால் பந்தலுக்குள்ளேயே செத்துப் போகும். பனைமரத்து உச்சியில் குழாயைக் கட்டிவிட்டால் பக்கத்து ஊர் வரைக்கும் போக வேண்டும். அதுதான் தொழில். கல்யாண வீட்டுக்காரர் கேட்பதும் அதைத்தான்: "அவங்க ஊருக்குக் கேக்கணும்பா."

கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் பாட்டின் பாதியைக் காற்று கொண்டு போய்விடும். நாலு வார்த்தையில் ரெண்டுதான் காதில் விழும். அப்போது எந்தப் பாட்டு நிற்கும் என்று நினைக்கிறீர்கள்? டி.ஆர். பாட்டு நிற்கும். ஏன் என்றால் அவர் எதுகை மோனையை அடுக்கு அடுக்காக வைத்திருப்பார். ஒரு வார்த்தை காற்றில் போனாலும் அடுத்த வார்த்தையை வைத்து அது என்னவாக இருக்கும் என்று காது தானே நிரப்பிக்கொள்ளும். அதே மாதிரிதான் லாலலாவும். அதில் வார்த்தையே கிடையாது, தொலைவதற்கு ஒன்றும் இல்லை. மெட்டு மட்டும் கண்மாய்க்கரை தாண்டி வந்து சேரும்.

எட்டுக்கட்டை சார் சொல்கிற இளையராஜா தொகுப்பு எங்கள் வீட்டிலும் கேசட்டாக இருந்தது. ரூமில் உட்கார்ந்து கேட்டால் அருமை. அதைக் குழாயில் ஒரு தடவை அப்பா போட்டார். பந்தலில் இருந்த பெரியவர் ஒருவர், "செட்டு ரிப்பேரா?" என்று கேட்டார்.

மிகை மிகை என்கிறீர்கள். தூரத்துக்குப் போக வேண்டிய பாட்டைக் கொஞ்சம் தூக்கித்தான் பாட வேண்டும்.

இப்போது கூம்புக் குழாய்க்குத் தடை, எல்லாம் பாக்ஸ் ஸ்பீக்கர்தான். அடிச்சத்தம் நெஞ்சில் குத்துகிறது, வார்த்தை புரிவதில்லை. கல்யாணத்துக்குக் கல்யாணம் சண்டை.

வாடைக்காத்து | தங்கச்சிமடம்

சவுண்ட்செட் தம்பி, இதற்காகவே இந்த இழையைத் தொடங்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதே கதை இலங்கை வானொலிக்கும் பொருந்தும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கடல் சுமார் 30 கிலோமீட்டர்தான். உப்புத் தண்ணீருக்கு மேலே மத்திய அலை நன்றாக ஓடும் என்பார்கள், அதனால் மெட்ராஸ் நிலையம் கரகரக்கும்போது கொழும்பு பக்கத்து வீடு மாதிரி வந்தது. கே.எஸ்.ராஜாவின் மின்னல் வேகப் பேச்சும் பி.எச்.அப்துல் ஹமீதின் நிறுத்தி நிதானித்த தமிழும் இந்தத் தீவில் வளர்ந்தவர்களுக்குச் சொந்தக்காரர் குரல்கள். காலையில் 'பொங்கும் பூம்புனல்', ராத்திரியில் 'இரவின் மடியில்'.

ராத்திரியில்தான் வேடிக்கை. அலை ஏறும், இறங்கும். பாட்டு நன்றாக வந்துகொண்டே இருக்கும், சரணத்தின் நடுவில் மெல்லத் தேய்ந்து போகும், நடுவில் யாரோ வேறு மொழியில் செய்தி வாசிப்பார்கள், திடீரென்று பல்லவி பெருக்கெடுத்துத் திரும்பி வரும். அந்த ஏற்ற இறக்கத்தை எந்த இசையமைப்பாளரும் எழுதவில்லை, வானம் எழுதியது. ஒரு சோகப் பாட்டு அப்படி மறைந்து திரும்பி வந்தால் அதன் கனம் எத்தனை மடங்கு ஆகும்! ஜெயச்சந்திரன் பாடிய 'ராசாத்தி உன்னை' பாட்டை நான் முதலில் கேட்டது அப்படித்தான். பிற்பாடு கேசட்டில் சுத்தமாகக் கேட்டபோது ஏதோ குறைகிற மாதிரி இருந்தது.

அவரும் 2025 ஜனவரியில் போய்விட்டார். 2020-இல் எஸ்.பி.பி.

எட்டுக்கட்டை | சென்னை (சொந்த ஊர் மண்டபம்)

'ராசாத்தி உன்னை' பாட்டை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அது ராஜா. 'வைதேகி காத்திருந்தாள்', 1984. அதன் இசைக்கோப்பு வேறு தளம்.

கருவாடு2003 | இராமேஸ்வரம்

அதே படத்துல விஜயகாந்த் சோகமா நின்னாரா இல்லையா? ஊரே அழுதுச்சா இல்லையா? ராஜா போட்டா காவியம், டி.ஆர். போட்டா காமெடி, இது என்ன கணக்கு?

முண்டுமிளகாய் | முதுகுளத்தூர் பக்கம்

கருவாட்டுத் தம்பிக்கு என் ஓட்டு.

கீழக்கரைக்காரன் | இப்போது துபாய்

அஸ்ஸலாமு அலைக்கும். வாசித்துக்கொண்டே வந்தேன், எழுதாமல் போக மனசு வரவில்லை.

எங்கள் ஊரில் பாதி வீட்டில் ஆம்பிளை சபரில், அதாவது வெளிநாட்டுப் பிழைப்பில், இருப்பார். போன் பேசக் காசு அதிகம் என்ற காலத்தில் கடிதத்துக்குப் பதில் கேசட் பேசி அனுப்புவோம், ஊருக்குப் போகிற ஆள் கையில் கொடுத்து விடுவது. உம்மா பேசுவார், பிறகு லாத்தா (அக்கா), பிறகு பிள்ளைகள் யாசீன் ஓதிக் காட்டுவார்கள். கடைசியில் டேப் மிச்சம் இருக்கும். காலியாக அனுப்ப யாருக்கும் மனசு வராது. என் தங்கச்சி இன்னொரு டேப்ரிக்கார்டரைப் பக்கத்தில் வைத்து ஒரு பாட்டை ஓடவிட்டுப் பிடித்துவிடும். மைக் வழியாகப் பிடித்த பாட்டு, அதனால் பாட்டோடு வீடும் சேர்ந்து வரும். கொல்லைப்புறத்தில் பாத்திரம் கழுவும் சத்தம், தெருவில் பழைய பேப்பர்க்காரர், பாதியில் பாங்கு கேட்டதும் தங்கச்சி படாரென்று பாட்டை நிறுத்தும் சத்தம். பாங்கு முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து பாட்டு.

ஒரு தடவை பேட்டரி இறங்கின நேரத்தில் பிடித்திருக்கிறது போல. பாட்டு போகப் போகக் குரல் கட்டையாகி இழுத்துக்கொண்டே போனது. ரூமில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ராத்திரி போர்வைக்குள் ஹெட்போன் மாட்டி அதையே கேட்டேன்.

அது என்ன பாட்டு என்று கேட்பீர்கள். அண்ணன் தங்கச்சிப் பாட்டு, டி.ஆர். படத்தில் வந்தது. இசை விமர்சகர் யாரும் அதைப் பற்றி எழுதியிருக்க மாட்டார். தரம் என்று எட்டுக்கட்டை தம்பி சொல்வது எனக்கும் புரியாமல் இல்லை. ஆனால் நல்ல இசை கேட்க எனக்கு ரூமில் வசதி இருந்தது, கடையில் எல்லா கேசட்டும் கிடைத்தது. தங்கச்சிக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்ல அந்தப் பாட்டை விட்டால் வேறு வார்த்தை அதன் கையில் இல்லை. காக்கா (அண்ணன்) எப்போ வருவிய என்று நேராகக் கேட்டால் உம்மா திட்டுவார்.

இன்னொரு சேதி, நாகூர் ஹனிபா பிறந்தது நம் இராமநாதபுரத்தில். கடல் தாண்டிக் கேட்கிற குரல் எங்கே பிறந்தது என்று சவுண்ட்செட் தம்பி குறித்துக்கொள்ளவும்.

சவுண்ட்செட் | சாயல்குடி

அவர் குரலுக்கு மைக்கே தேவையில்லை காக்கா.

நெய்தல்வாத்தியார் | தேவிபட்டினம்

முன்னோர் பக்கமிருந்தும் ஒரு சாட்சி சொல்லி வைக்கிறேன். அகத்திணையில் நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். பொழுது எற்பாடு, அதாவது சூரியன் சாய்கிற நேரம். குறிஞ்சிக்காரன் கூடுவான், மருதத்துக்காரி ஊடுவாள், நம் கடற்கரைக்கு ஒதுக்கியது புலம்பல்தான். ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தல் நூறையும் எடுத்துப் பாருங்கள். கடல் தூங்கவில்லை, நாரை தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை என்கிற வகையில் கண்ணில் பட்டதையெல்லாம் கூட்டிவைத்துக்கொண்டு வருந்துவது நெய்தல் மரபு. அதை யாரும் மிகை என்று ஒதுக்கவில்லை, பாடத்திட்டத்தில் வைத்திருக்கிறோம்.

தொல்காப்பியர் மெய்ப்பாடு, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சி, எட்டில் அழுகையையும் வைத்து, அது பிறக்கும் இடம் நான்கு என்கிறார்: "இளிவே இழவே அசைவே வறுமை". பிறர் இகழ்வது, இழப்பது, தளர்வது, இல்லாமை. இப்போது லாலலாப் படங்களின் கதைகளை இந்த நான்கில் வைத்துப் பாருங்கள். அவமானப்பட்ட பிள்ளை, செத்துப்போன அண்ணன், நொடித்த குடும்பம், காசில்லாத காதலன். ஒன்றுகூட வெளியே நிற்காது.

தொண்டிக்காரன் | தொண்டி

சார், அதே ஐங்குறுநூற்றில் தொண்டிப் பத்து இருக்கிறது என்று எங்கள் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். அது சேரநாட்டுத் தொண்டி என்று கல்லூரியில் சொல்லி மானத்தை வாங்கிவிட்டார்கள். அன்றைக்கு நான் அடைந்தது இளிவா, இழவா?

நெய்தல்வாத்தியார் | தேவிபட்டினம்

இரண்டும்.

எட்டுக்கட்டை | சென்னை (சொந்த ஊர் மண்டபம்)

வாத்தியார் ஐயா, அம்மூவனாரையும் லாலலாவையும் ஒரே தட்டில் வைத்துவிட்டீர்கள். சங்கப் பாட்டில் தலைவி ஐந்து வரியில் சொல்லி முடித்துவிடுவாள். சொல்லாமல் விட்டதுதான் அங்கே அதிகம். ராஜ்குமார் பாட்டில் எதை விட்டுவைத்தார்? 'இரங்கல்' என்ற பெயர் ஒன்றாக இருக்கலாம், அளவு ஒன்றா?

என் குறை வேறு, யாரும் அதைத் தொடவில்லை. இந்தப் படங்களில் ஒரு பாட்டை முதலில் சந்தோசமாகப் போடுவார்கள். இடைவேளைக்குப் பிறகு அதே மெட்டைத் தாளத்தைக் குறைத்து, வயலினை இழுத்து, சோகமாகத் திரும்பப் போடுவார்கள். முதல் முறை சிரித்துக்கொண்டு கேட்டது நினைவில் இருப்பதால் இரண்டாம் முறை அழுகை தானாக வரும். இது கலை இல்லை, சூத்திரம். பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிற வேலை.

வாடைக்காத்து | தங்கச்சிமடம்

சூத்திரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சூத்திரத்தை யார் கண்டுபிடித்தது? 1961-இல் 'பாசமலர்' வந்தது. 'மலர்ந்தும் மலராத' பாட்டைக் கேட்டு அழாத வீடு கிடையாது. கண்ணதாசன், விஸ்வநாதன்–ராமமூர்த்தி, டி.எம்.எஸ்., சுசீலா என்று பெயர் வரிசை பெரிதாக இருப்பதால் அதைக் காவியம் என்கிறோம். அண்ணன் தங்கைக்காக உருகிச் சாகிற கதையை அதைவிடத் தூக்கலாக டி.ஆரே எடுத்ததில்லை. காலம் கடந்தால் அழுகைக்கு மரியாதை வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

சோகப் பதிப்பு விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அதைத் தந்திரம் என்கிறீர்கள். எங்கள் தெருவில் கல்யாணத்தில் ஆடின பாட்டை அதே வீட்டுப் பெண் பின்னாளில் தொட்டில் ஆட்டும்போது மெதுவாக முணுமுணுக்கும். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாத வீட்டிலும் அந்த மெட்டு வேறு விதமாகக் கேட்டிருக்கிறது. அவள் வேறு மெட்டு தேடிப் போகவில்லை. சினிமாக்காரன் வீட்டில் நடப்பதைப் பார்த்து எடுத்திருக்கிறான் என்றுதான் நான் நினைக்கிறேன்.

கருவாடு2003 | இராமேஸ்வரம்

சரி, நான் கொஞ்சம் சீரியஸா எழுதறேன், யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீங்க.

எங்க செட்டுக்கு டி.ஆர். என்றால் மீம். தலையைச் சிலுப்புவார், வாயாலேயே தாளம் போடுவார், அதை வெட்டி ரீல்ஸில் போட்டால் லைக் பறக்கும். இந்தப் பெயரையே 'கூடையில கருவாடு' பாட்டிலிருந்து கிண்டலுக்குத்தான் எடுத்தேன்.

இந்த வருசம் மீன்பிடித் தடைக்காலத்தில் மாமாவின் விசைப்படகைக் கரையேற்றி வேலை நடந்தது. 61 நாள், தெரியும்ல, ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை. பழைய பெயிண்டைச் சுரண்டுவது என் வேலை. டிரைவர் அண்ணன் ஒருத்தர் ப்ளூடூத் ஸ்பீக்கரில் 'ஒரு தலை ராகம்' மொத்தப் பாட்டையும் திரும்பத் திரும்ப விட்டார். முதல் நாள் சிரித்தேன். ரீல்ஸ் பத்து செகண்டில் முடிந்துவிடும், பாட்டு முடியாது. ஒரு ஆளை எவ்வளவு நேரம்தான் கிண்டல் பண்ணுவது? கை சுரண்டிக்கொண்டே இருக்கும், காது கேட்டுக்கொண்டே இருக்கும். 'கடவுள் வாழும் கோவிலிலே' வரும்போது அந்த அண்ணன் மட்டும் வேலையை நிறுத்திவிட்டுப் பீடி பற்ற வைப்பார். யாரிடமும் பேச மாட்டார். பாட்டு முடிந்ததும் உளியை எடுப்பார். ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் அவர் வேறு ஏதாவது சொல்லிச் சமாளிப்பார்.

இப்போ எனக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம். ஆனா செட்டில் இன்னும் கிண்டலாத்தான் பாடிட்டு இருக்கேன். நல்லாப் பாடுனா கண்டுபிடிச்சிடுவானுங்க.

பாசிக்காரி மகள் | சின்னப்பாலம்

நான் அதிகம் எழுத மாட்டேன். அம்மா கடல்பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போவார். வல்லத்தில் (நாட்டுப்படகில்) எல்லாம் பொம்பளைங்கதான். போகும்போது எல்லோரும் பாடுவார்கள், வரும்போது களைப்பில் யாரும் பாட மாட்டார்கள். போனில் பாட்டு போட்டால் உப்புக்காற்றில் போன் கெட்டுவிடும் என்று பையில் கட்டி வைத்துவிடுவார்கள். அவர்கள் பாடுவதில் ஆண் பாட்டு, பெண் பாட்டு என்று பிரிவு கிடையாது. ஆண் பாடின காதல் தோல்விப் பாட்டையும் அவளே பாடுவாள். 'அவள்' என்று வருகிற இடத்தில் 'அவன்' என்று மாற்றுவதுகூட இல்லை. முண்டுமிளகாய் அக்கா கேட்ட கேள்விக்கு இது பதிலா என்று தெரியவில்லை.

பாம்பனில் 'கடல் ஓசை' 90.4 இருக்கிறது. மீனவருக்கான வானொலி. காற்று நிலவரம் சொல்லிவிட்டு நடுவில் பாட்டு போடுவார்கள். கரையில் உட்கார்ந்து கேட்க நன்றாக இருக்கும்.

முண்டுமிளகாய் | முதுகுளத்தூர் பக்கம்

பதில்தான் தங்கச்சி. நல்ல பதில். பாட்டில் அவளுக்கு இடம் கொடுக்கவில்லை என்று நான் குறைபட்டுக்கொண்டிருக்கிறேன், உன் அம்மா முழுப் பாட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இருந்தாலும் என் குறையை முழுசாக வாபஸ் வாங்க மாட்டேன். லாலலா பாடுவது யார்? பெண்கள். கேசட் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பாடியவர், எழுதியவர், இசை, தயாரிப்பு எல்லோர் பெயரும் இருக்கும், கோரஸ் பாடிய பெண்கள் பெயர் இருக்காது. ஊரே கேலி செய்கிற, ஊரே முணுமுணுக்கிற அந்தக் குரல் யாருடையது என்று இந்த இழையில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு பாட்டு ஓடியதற்குப் பாதிக் காரணம் அவர்கள். எட்டுக்கட்டை தரம் பார்க்கும்போது அவர்கள் சுருதி சேர்வதைக் கவனித்துக் கேட்கட்டும். மூன்று நான்கு குரல் ஒரே மூச்சில் ஏறி ஒரே மூச்சில் இறங்கும். எந்த இடத்திலும் பிசிறு இருக்காது.

எட்டுக்கட்டை | சென்னை (சொந்த ஊர் மண்டபம்)

அதை ஒப்புக்கொள்கிறேன். நேற்று ராத்திரி ஹெட்போனில் 'பூவே உனக்காக' பாட்டுகளைப் போட்டுக் கோரஸை மட்டும் கவனித்தேன். சுத்தமாக இருக்கிறது. வயலின்கள் மட்டும் இன்னும் கொஞ்சம் அடங்கியிருக்கலாம் என்பதில் மாற்றமில்லை. 'நட்சத்திர ஜன்னலில்' பற்றிப் பேச இன்னும் எனக்குத் தெம்பு இல்லை.

கீழக்கரைக்காரன் | இப்போது துபாய்

எட்டுக்கட்டை தம்பி ராத்திரி, ஹெட்போன், போர்வை. இது எங்கேயோ கேட்ட கதையாக இருக்கிறதே.

மட்டுறுத்துநர்

யாரும் பாட்டுக் கோப்புகளை இங்கே ஏற்ற வேண்டாம், பேச்சு மட்டும். நீக்கிய இரண்டு பதிவுகளும் அதற்காகத்தான். தொண்டி எந்தத் தொண்டி என்ற விவாதத்தை இலக்கியப் பகுதிக்கு நகர்த்தியிருக்கிறேன். அங்கே பதினோராம் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது.

எட்டுக்கட்டை | சென்னை (சொந்த ஊர் மண்டபம்)

சவுண்ட்செட் அவர்களே, தனிமடலில் கேட்க நினைத்தேன், இங்கேயே கேட்கிறேன். தை மாதம் மண்டபம் ஊரில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. அந்தப் பக்கம் செட் கட்டுவீர்களா? பாட்டுப் பட்டியல் நானே தருகிறேன். இளையராஜா மட்டும்.

சவுண்ட்செட் | சாயல்குடி

வருகிறேன் சார். வண்டி வாடகை தனி. காலையில் பக்திப் பாட்டு, அது மாற்ற முடியாது. அப்புறம் உங்கள் பட்டியல் போடலாம், பந்தி முடிகிற வரைக்கும் ராஜாவே ஓடட்டும். நீங்கள்தானே தாய்மாமன்? நீங்கள் சீர்த்தட்டு தூக்கிக்கொண்டு தெருவில் வரும்போது மட்டும் என்ன பாட்டு என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். அதில் லாலலா இருக்கும். உங்கள் தங்கச்சியிடம் கேட்டுவிட்டேன், இந்த இழையை அவரும் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

எட்டுக்கட்டை | சென்னை (சொந்த ஊர் மண்டபம்)

பாக்ஸா, குழாயா?

சவுண்ட்செட் | சாயல்குடி

பாக்ஸ்தான் சார். போலீஸ் ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கிறது.